612 மீட்டர்தானே என்று கிளம்புகிறவர்களுக்கு

பிரிட்டனில் வார இறுதிகளில் கூட்டமாக மலையேறும் தமிழ் நண்பர் குழுக்களுக்கும், அந்தப் பயணங்களைத் திட்டமிடும் அண்ணன்மார், அக்காமாருக்கும்:

வணக்கம். நான் ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னஸில் இருக்கிறேன். பிழைப்புக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவன். ஹைலேண்ட்ஸ் என்ற இந்த மலைநாட்டுப் பக்கம் வரும் உங்கள் ஆட்கள் எப்படியோ என் எண்ணைப் பிடித்து வழி கேட்பார்கள். சந்தோஷமாகச் சொல்லுவேன். கொஞ்ச காலமாக இந்த அழைப்புகளில் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது: "நாட்டுலயே உசரமான பென் நெவிஸே ஏறிட்டோம் தம்பி. இந்த ஸ்டாக் பாலி மலை 612 மீட்டர்தானாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வர்றோம். காலையில ஏறி இறங்கிட்டு, மதியம் அலப்பூல்ல மீன் சாப்பிட்டுடலாம்ல?"

மீன் சாப்பிடலாம். அதற்கு முந்தைய கணக்குதான் சரியில்லை. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வடமேற்கு ஹைலேண்ட்ஸில் ஒரே ஒரு மலைதான் ஏற நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து ஒரு மலையை 'ஈஸி' என்று அறிவிப்பில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மலை எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அலப்பூலிலிருந்து ஏ835 சாலையில் வடக்கே ட்ரம்ரூனி வரை போய், இடது பக்கம் அக்கில்டிபூயி போகும் ஒற்றைத்தடச் சாலையில் திரும்ப வேண்டும். லர்கன் ஏரியை ஒட்டியே போனால் கார் நிறுத்துமிடம் வரும். இறங்கி அண்ணாந்து பார்த்தால், 'இதுவா 612?' என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சுற்றிலும் சதுப்பும் ஏரிகளுமாகக் கிடக்கும் தரையிலிருந்து தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது. முகடு, பல் உடைந்த சீப்பு மாதிரி.

அந்த ஏரி கிடப்பது கடல்மட்டத்துக்குச் சற்று மேலேதான். அதனால் மலையின் உயரத்தில் ஏறக்குறைய 540 மீட்டரை உங்கள் கால்தான் ஏறியாக வேண்டும். இதோடு கேர்ன்கார்ம் மலையை வைத்துப் பாருங்கள். அது 1245 மீட்டர். பெரிய மலை என்று பயந்து, நன்றாகத் தயாராகிப் போகிறீர்கள். ஆனால் அங்குள்ள பனிச்சறுக்கு மையத்தின் கார் நிறுத்துமிடமே சுமார் 630 மீட்டரில் இருக்கிறது. ஸ்டாக் பாலியின் உச்சியைவிட உயரத்தில்தான் காரைவிட்டே இறங்குகிறீர்கள்! அங்கே ஏறுவதும் அறுநூறு சொச்சம், இங்கே ஏறுவதும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒன்றுக்கு மூன்று வாரம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், இன்னொன்றுக்கு ஸ்னீக்கரோடு வந்துவிடுகிறோம்.

இந்த உயர மோகம் நம்மிடம் மட்டும் உள்ளது இல்லை. சர் ஹியூ மன்றோ 1891-இல் ஸ்காட்லாந்தின் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியல் போட்டதிலிருந்து, இந்த நாடே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் பெயராலேயே அவற்றை மன்றோ என்கிறார்கள், இப்போது 282 மன்றோக்கள். 914 மீட்டரைத் தாண்டினால் மரியாதை, தாண்டாவிட்டால் சும்மா ஒரு குன்று. நம் குழுக்களிலும் மன்றோ எண்ணிக்கையை விசிட்டிங் கார்டு மாதிரி நீட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் பல மன்றோக்கள் புல் மூடிய, அகலமான, கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு ஏறக்கூடிய மேடுகள். மறுபக்கம், 884 மீட்டர் உயரமுள்ள காப்லர் என்ற மலை மன்றோ கணக்கிலேயே வராது. அதன் அசல் உச்சிக்குப் போக ஒரு பாறைத் துவாரத்தில் நுழைந்து, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் நடந்து ஏற வேண்டும். ஸ்டாக் பாலி இன்னும் கீழ்ப் பட்டியலில், கிரஹாம் என்ற வகுப்பில் வருகிறது. அந்த வகுப்பிலேயே உயரத்தில் கடைசி வரிசை. உச்சியைத் தொடும் கஷ்டத்தில் முன்வரிசை.

நேரக் கணக்கையும் பார்ப்போம். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்டிஷ் மலையேறி ஒரு சூத்திரம் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் ஒரு மணி நேரம். ஸ்டாக் பாலியைச் சுற்றி வரும் பாதை சுமார் 4.5 கிலோமீட்டர். அதையும் 540 மீட்டர் ஏற்றத்தையும் போட்டால் ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள் விடை வருகிறது. உங்கள் செயலியும் இதையொட்டித்தான் ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் மதியச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்கிறீர்கள். ஆனால் அந்தச் சூத்திரம் நல்ல தரையில், நல்ல வானிலையில், பழகிய ஒருவர் நிற்காமல் நடப்பதற்கானது. போட்டோ, பிஸ்கட், சின்னவனின் ஷூ லேஸ், கையூன்றி ஏறும் இடத்தில் ஒவ்வொருவராகக் காத்திருப்பது எதுவும் அதில் இல்லை. கலவையான ஒரு குழுவுக்கு நான் இரண்டால் பெருக்கி, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் சேர்த்துச் சொல்லுவேன்.

வரைபடமும் உங்களைக் காப்பாற்றாது. ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் இங்கெல்லாம் பத்து மீட்டருக்கு ஒரு உயரக்கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் எட்டு மீட்டர் செங்குத்துப் பாறை ஒளிந்திருந்தால் தாளில் ஒன்றும் தெரியாது. பெரிய மலையில் அப்படி ஒன்று குறுக்கிட்டால் சுற்றிப் போக இடம் இருக்கலாம். இந்த மாதிரி மெலிந்த முகட்டில் சுற்றிப் போக என்ன இருக்கிறது?

சரி, மேலே என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். கீழ்ப்பாதை அருமையான பாதை. கல் பதித்திருக்கிறார்கள். கிளை பிரியும் இடத்தில் வலது பக்கம் போனால் மலையின் கிழக்குத் தோளைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, வடக்குச் சரிவில் ஏறி முகட்டின் நடுவே உள்ள தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். இங்கே அதை 'சேடில்' என்பார்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால் ஷினஸ்கேக் ஏரி, அதற்கப்பால் சூல்வன், பக்கத்தில் கூல் மோர். மேற்கே கடலில் சம்மர் ஐல்ஸ் தீவுகள். உங்கள் காலடியில் இருக்கும் டொரிடன் மணற்கல்லுக்கு வயது சுமார் நூறு கோடி ஆண்டு. அது உட்கார்ந்திருக்கும் நைஸ் பாறை அதைவிட மிகப் பழையது. அதில் சில பகுதிகளுக்கு முந்நூறு கோடி ஆண்டு. அந்த ஒரு இடத்துக்காகவே வரலாம்.

சேடிலிலிருந்து கிழக்கு முனைக்குக் கொஞ்சம் கையூன்றி ஏறினால் போதும். பிரச்சினை மேற்கே. உண்மையான 612 அந்தக் கோடியில்தான் இருக்கிறது. அங்கே போக முகட்டின் தூண்களுக்கும் சந்துகளுக்கும் நடுவே வழி கண்டுபிடித்துப் போய், கடைசியில் ஒரு பாறைத் தடையை ஏற வேண்டும். சில மீட்டர்தான். இரண்டு பக்கமும் கீழே வெகுதூரம் தெரியும். ஏறுவதைவிட இறங்குவது மோசம், ஏனென்றால் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. பாறையேற்றம் பழகியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் வருடம் முழுக்க மலையேறும் உள்ளூர்க்காரர்களும் உண்டு.

நம் ஆட்கள் திரும்ப மாட்டேன் என்கிறார்கள். போன கோடையில் அங்கே ஒரு தமிழ்க் குழுவைப் பார்த்தேன். எந்த ஊர்க் குழு என்பது வேண்டாம். ஒரு பெண் அந்தத் தடையின் பாதியில் கால் நடுங்கி நின்றுவிட்டார். கீழிருந்து தலைவர், "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமா, இன்னும் ரெண்டு அடிதான்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருக்கிறார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கடைசியில் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வயதான தம்பதி, அந்தப் பெண்ணின் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு திரும்பும் வழியெல்லாம் யாரும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் ஏதோ தோற்றுவிட்ட மாதிரி. எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்திருக்கிறேன். லண்டனிலிருந்து இன்வர்னஸுக்கே தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவருக்கு நாற்பது மீட்டர் மிச்சம் வைத்துத் திரும்ப மனம் வராதுதான். இன்னொன்றும் உண்டு. நமக்கு மலை என்றால் மேலே சாமி. பழனியோ, வெள்ளியங்கிரியோ, சிவனொளிபாதமலையோ, பாதியில் திரும்பினால் போன காரியம் நடக்கவில்லை. அந்த மனசோடுதான் இங்கேயும் ஏறுகிறோம். இங்கே மேலே யாரும் காத்திருக்கவில்லை. பட்டியல் போட்ட மன்றோவே, ஸ்கை தீவின் 'இன்அக்ஸசிபிள் பினக்கிள்' என்ற பாறைமுனையை ஏறாமல்தான் 1919-இல் இறந்துபோனார். அவரை யாரும் குறைவாக நினைக்கவில்லை.

அதனால் திட்டமிடுகிறவர்களிடம் என் முதல் வேண்டுகோள்: கார் நிறுத்துமிடத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, "நம்ம இலக்கு சேடில்" என்று சொல்லிவிடுங்கள். மேற்கு முனைக்குப் போக விரும்பும் ஓரிருவர், ஏற்கனவே பாறை ஏறிப் பழகியவர்கள், தனியாகப் போய் வரட்டும். மற்றவர்கள் அவர்களுக்காகக் காற்றில் நின்று விறைக்க வேண்டாம், இறங்கத் தொடங்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சேடிலுக்குக்கூடப் போகாமல், மலையைச் சுற்றிவிட்டு வரும் கீழ்ப்பாதையே ஒரு நல்ல நாளுக்குப் போதும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்தில் யாரும் பொறுப்போடு நடக்கலாம். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை, "இதற்கு மேல் போகாதே" என்று தடுக்க ஆள் இல்லை. குழுவில் ஒருவர் வாய் திறந்தால்தான் உண்டு.

இரண்டாவது வேண்டுகோள், இறங்கும்போது. சேடிலில் நின்றால் தெற்கே நேர் கீழே உங்கள் கார் பளிச்சென்று தெரியும். நேராக இறங்கினால் கால்மணி நேரம் மிச்சம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் எல்லோரும் அந்தத் தெற்குச் சரிவில்தான் ஏறி இறங்கினார்கள். செடிவேர் போய், மண் போய், சரளை ஓடி மலையே கிழிந்தது. அதை ஆறவிடத்தான் பாதையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கட்டினார்கள். இங்கே மழை அதிகம், மேல்மண் மெல்லியது, செடி வளர்வது மிக மெதுவாக. ஒரு கூட்டம் ஒரே நாளில் கிழித்தது பல வருடம் தெரியும். அதே காரணத்துக்காக, பாதையில் சேறு கிடந்தால் ஓரமாக ஒதுங்கி நடக்காதீர்கள். சேற்றிலேயே மிதியுங்கள். பூட்ஸ் அதற்குத்தான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக, கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் மலை இது. கீழே சட்டையோடு நிற்க முடிகிற நாளில் சேடிலில் தொப்பி பறக்கும். எம்.டபிள்யூ.ஐ.எஸ். மலை வானிலை அறிக்கையில் வடமேற்கு ஹைலேண்ட்ஸ் பக்கத்தை முந்தின இரவு பாருங்கள். மழையைவிட முக்கியமாகக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். காற்றே இல்லை என்றால் மிட்ஜ் வரும், கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சி. கோடை முழுக்க அதன் ராஜ்யம்தான், தலையை மூடும் வலை இல்லாமல் கார் கதவைத் திறக்காதீர்கள். ஹீதர் புதரில் உண்ணி உண்டு. முழுக்கால் பேண்ட் போடுங்கள், இரவில் பிள்ளைகளின் முழங்கால் பின்புறம் பாருங்கள்.

விபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். 'register' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்குக் குறுஞ்செய்தியாக முன்கூட்டியே அனுப்பிப் பதிந்து வைத்தால், பேச முடியாத இடத்திலும் செய்தி அனுப்பி உதவி கேட்கலாம். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பில்லும் அனுப்ப மாட்டார்கள். அந்தச் சலுகையை நம்பித் திட்டம் போடுவது அழகில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வண்டி. பெரிய கோச் வேண்டாம். அது ஒற்றைத்தடச் சாலை. வழிவிடும் இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் அக்கில்டிபூயிக்கு ஆம்புலன்ஸ்கூடப் போக முடியாது. நிறுத்துமிடம் சின்னது, சீக்கிரம் வாருங்கள். நிறைந்திருந்தால் வேறு மலைக்குப் போங்கள். கழிப்பறை வேலையை அலப்பூலிலேயே முடித்துவிடுங்கள்.

மழை விடாமல் பிடித்துக்கொண்டால் அன்றைக்கு ஏறவே வேண்டாம். ட்ரம்ரூனியில் இடது பக்கம் திரும்பாமல் நேரே வடக்கே போனால் நாக்கன் கிராக் வரும். பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவியலாளர்கள் இதை வைத்து வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். கடைசியில் பீச், ஹார்ன் என்ற இருவர் இந்தப் பகுதி முழுக்க நடந்து நடந்து அளந்து முடிச்சை அவிழ்த்தார்கள். இருவரின் சிலையும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குடையோடு பார்த்துவிட்டு அலப்பூலுக்கு மீன் சாப்பிட வந்துவிடலாம், அதுவும் நேரத்தோடு.

வரும் தேதியை ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். எனக்கு ஷிஃப்ட் இல்லாவிட்டால் நானும் வருகிறேன், சேடில் வரைக்கும்.

அன்புடன்,
உங்கள் இன்வர்னஸ் தம்பி