மிச்ச டேப்பில் போட்ட பாட்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வாசகர்கள் தங்களுக்கு எக்காலத்துக்கும் பிடித்த பாட்டுகள் என்று பட்டியல் அனுப்புவதை நான்கு வாரமாக விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். திரையிசை ஐந்து, கர்நாடகம் ஐந்து, மேற்கத்தியம் ஐந்து, நாட்டுப்புறம் ஐந்து என்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு கட்டம்கூட ஒழுங்காக நிரம்பவில்லை. எனக்குப் பிடித்த பாட்டுகள் அப்படி வகை பிரிந்து என்னிடம் வரவே இல்லை, அவை எல்லாம் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று மிச்சம் விழுந்த டேப்பில் வந்து சேர்ந்தவை. அது என்ன மிச்ச டேப் என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திருநெல்வேலி ஜங்ஷனில் 1982-லிருந்து 2001 வரை நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்ன கடை என்றே தெரியாது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால், இசைத்தட்டிலிருந்தும் வேறு கேசட்டிலிருந்தும் எடுத்து, வெறும் கேசட்டில் வரிசையாகப் பதிந்து கொடுப்போம். காப்புரிமை பற்றியெல்லாம் அன்றைக்கு யாருக்கும் யோசனை கிடையாது, இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு ஒன்று சராசரியாக நாலரை நிமிடம் என்று வையுங்கள். ஆறு பாட்டு போட்டால் 27 நிமிடம் போய்விடும், ஏழாவது நுழையாது. நுழைத்தால் பாதியில் அறுந்துவிடும், மறுநாள் காலையில் ஆள் சண்டைக்கு வந்து நிற்பார். அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை மற்ற கடைக்காரர்கள் சும்மா விட்டுவிடுவார்கள். எனக்கு மனசு வராது. காசு கொடுத்து வாங்கின டேப் வெறுமனே ஓடுகிறதே என்று எனக்குப் பிடித்ததை எதையாவது அதில் போட்டுவிடுவேன்.

இதனால் ஒரு தடவை அடி வாங்கியிருப்பேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர் பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், எல்லாம் மங்கலமான பாட்டுகள். ஏ சைடில் நாலு நிமிடத்துக்குக் கிட்ட மிச்சம். நான் அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தேனோ, 'பாத காணிக்கை' படத்தில் டி.எம்.எஸ். பாடின 'வீடு வரை உறவு' பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். 1962-ல் வந்த பாட்டு, சாவைப் பற்றிக் கண்ணதாசன் எழுதினது, எனக்கு உயிர். ஆனால் மைக்செட்காரர் கேசட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார், மாப்பிள்ளையும் பொண்ணும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது குழாய் ஸ்பீக்கரில் வீதி வரைக்கும் காடு வரைக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து கேசட்டைத் தூக்கி மேசையில் எறிந்தார். "என்னவே இது, கல்யாண வீட்டுல போடுத பாட்டாவே இது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, என்ன பதில் இருக்கிறது? புதுக் கேசட் ஒன்று பதிந்து இலவசமாகக் கொடுத்தேன், காப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். மிச்ச டேப்பில் இனிமேல் தமிழ் வார்த்தை வரக் கூடாது. வாத்திய இசை போடலாம், வேற்று மொழிப் பாட்டு போடலாம், இங்கிலீஷில் சாவுப் பாட்டே போட்டாலும் தாய்மாமனுக்குத் தெரியப்போவதில்லை. நான் சினிமாவைத் தாண்டிக் கேட்க ஆரம்பித்ததற்கு இசை ஞானமெல்லாம் காரணம் இல்லை, இந்தப் பயம்தான்.

அப்படி முதலில் கிடைத்தது நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிற பெரியவர் ஒருவர், பழைய இசைத்தட்டைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி எடுத்துவந்து, கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற தட்டு, என் டர்ன்டேபிளில் அந்த வேகம் இருந்தது, ஜங்ஷனில் வேறு யாரிடமும் இல்லை. அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும். மிச்ச டேப்புக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி! கரகரவென்று தட்டு தேய்கிற சத்தம், அதற்குள்ளிருந்து அந்த நாயனம் எழுந்து வரும். பெரியவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றே கேட்டார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமானவர், நான் நேரில் கேட்டதில்லை. அந்த மூன்று நிமிடத்தை மட்டும் எத்தனை நூறு கேசட்டில் போட்டிருப்பேனோ தெரியாது.

அடுத்தது 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. படம் இல்லாமல், பாட்டு இல்லாமல் ராஜா சார் கேசட் போட்டிருக்கிறார் என்றதும் வாங்கின நாலு பேரில் மூன்று பேருக்குப் புரியவில்லை, எனக்கும் முதல் வாரம் புரியவில்லை. வி.எஸ். நரசிம்மன் வயலின். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று, பாக் என்ற பழைய ஜெர்மன் இசை மேதை எழுதின வயலின் சங்கதி ஓடிக்கொண்டிருக்கும், அதோடு நம் ஆளுடைய கற்பனை கைகோத்துக்கொண்டு போகும். வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் பேசுகிறதைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும் எனக்கு. லாரி டிரைவர் ஒருவர், எம்.ஜி.ஆர். பாட்டைத் தவிர வேறு கேட்காதவர், திரும்பி வந்தார். "அண்ணாச்சி, ஏ சைடு கடைசில ஒரு வயலின் வருதே, அது எந்தப் படம்?" படமே இல்லை என்றேன். "படம் இல்லாம எதுக்கு அண்ணாச்சி பாட்டு?" என்றார். ஆனால் அந்த வயலின் மட்டும் ஒரு கேசட் முழுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். என் கடை வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற வியாபாரம் அதுதான்.

அப்புறம் கப்பலில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது வெளிநாட்டுக் கேசட் கொண்டுவருவார். பாப் மார்லி அவர் கொடுத்ததுதான். 'நோ வுமன் நோ க்ரை' என்பதை நான் பல வருடம் பொம்பளை இல்லாவிட்டால் அழுகையும் இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, என் வீட்டம்மாவிடம் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் "வேண்டாம் பெண்ணே, அழாதே" என்று தேற்றுகிற பாட்டு அது. ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரத்துச் சேரியில் கழித்த நாட்களைப் பற்றியது. எழுதியவர் என்று வின்சென்ட் ஃபோர்டு பெயரைப் போட்டிருக்கிறார்கள், அவர் அங்கே ஏழைகளுக்குச் சமையல் கூடம் நடத்தியவர், மார்லியின் சிநேகிதர். 1975-ல் லண்டனில் மேடையில் பாடின பதிவுதான் என்னிடம் இருந்தது. ஏழு நிமிடத்துக்கு ஓடும், அதனால் மூன்றாவது நிமிடத்தில் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்து முடித்துவிடுவேன். பாவம்தான், ஆனால் டேப் அவ்வளவுதான்.

அதே தூத்துக்குடிக்காரர் கொடுத்த இன்னொன்று அமெரிக்க ஜாஸ் இசைக்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959-ல் பதிவானது. அதில் முதல் பாட்டு 'சோ வாட்'. ஆரம்பத்தில் ஆள் நின்றுகொண்டு வாசிக்கிற அந்தப் பெரிய பாஸ் ஒரு கேள்வி கேட்கிற மாதிரி வரும், மற்றவர்கள் இரண்டே தட்டில் பதில் சொல்லுவார்கள், அவ்வளவுதான் விஷயம். நான் அதைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நம் நாதஸ்வரப் பெரியவர் வந்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கரகரப்பிரியா சுரமால்லா இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். "ஏன் தம்பி, நடுவுல சுருதி நழுவுது? உம்ம மிஷின்ல கோளாறா?" மிஷினில் கோளாறே இல்லை. அவர்கள் 'டோரியன்' என்று சொல்கிற சுர வரிசையும் நம் 22-ஆவது மேளகர்த்தா ராகமான கரகரப்பிரியாவின் சுரங்களும் ஒன்றேதான், பாட்டின் நடுவில் எட்டு தாளக்கட்டு நேரத்துக்கு மொத்தத்தையும் அரை சுரம் மேலே தூக்கி வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்குவார்கள். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது, பெரியவர் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். நம் ராகம் மாதிரி அவர்கள் சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் போடுவதில்லை, அதனால் அது கரகரப்பிரியா ஆகிவிடாது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் நீங்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறீர்கள்?

தமிழ்ப் பாட்டே பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டேப் டெக்கில் டேப்பை உரசி வாசிக்கிற ஹெட்டை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்து முடித்ததும் நான் போட்டுப் பார்க்கிற பாட்டு 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே', ஜேசுதாஸ் பாடினது, 1980. தொடக்கத்தில் கிதார் கம்பியில் விரல் தேய்கிற சத்தம் கேட்டுவிட்டால் ஹெட் சுத்தம் என்று அர்த்தம். கேட்கவில்லை என்றால் மறுபடி பஞ்சை எடுக்க வேண்டியதுதான். இருபது வருடத்தில் தொடக்கத்தை மட்டும் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், முழுப் பாட்டாகக் கேட்டது குறைவு. இப்போதும் எங்காவது அது ஆரம்பித்தால் மூக்கில் ஸ்பிரிட் வாடை வந்துவிடுகிறது. எஸ். ஜானகியின் 'செந்தூரப் பூவே', பி. சுசீலாவின் 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே' இரண்டையும் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல, உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் எழுதிவிட்டார்கள்.

ஆனால் ஒருவர்கூட நாகூர் இ.எம். ஹனிபாவை எழுதவில்லை, எனக்கு அது வருத்தம். 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் பட்டியலில் எழுதுவார்கள், அது இயல்பு. பாளையங்கோட்டை மாதா கோயில் தெருக்காரர்களும் எழுதுவார்கள், சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குக் கேசட் பதியவந்த கமிட்டிக்காரர்கள் பிள்ளையார் பாட்டுக்கும் அம்மன் பாட்டுக்கும் நடுவில் அதை எழுதிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனுஷர் குரலைப் பதியும்போது அளவு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய் முட்டும், மற்றவர்களுக்கு வைக்கிற அளவில் வைத்தால் உடைந்துவிடும், இரண்டு கோடு குறைத்து வைக்க வேண்டும். 2015-ல் அவர் தவறினபோது தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டில் என்னை மாதிரி ஆட்கள் அந்தப் பாட்டைத்தான் போட்டிருப்பார்கள்.

மிச்ச டேப்புக்கு ஒருபோதும் லாயக்கில்லாதவர் கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதன். சஹானா ராகத்தில் 'கிரிபை நெலகொன்ன' என்ற தியாகராஜ கீர்த்தனையை அவர் பாடினது. அந்த ஆழக் குரல், அந்த நிதானம்! மூன்று நிமிடத்தில் அவர் தொண்டையைச் சரிசெய்து முடித்திருப்பார், அவ்வளவுதான். கடை நடத்தின காலத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது, டேப்பைத் தின்கிற ஆள் என்று நினைப்பேன். கடையை மூடிய பிறகு, அவசரம் என்று ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான், அவர் ஏன் அப்படிப் பாடுகிறார் என்பது கொஞ்சம் பிடிபட்டது.

கடையை மூட வைத்தது எம்பி3 சிடி. ஒரே தட்டில் 150 பாட்டு, மிச்சம் என்று ஒன்றும் விழாது. இப்போது பேத்தியின் போனில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது தானாகவே வருகிறது, முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இதுவும் நம்ம வேலைதானே என்று. கவனித்துப் பார்த்தால் அதே மாதிரிப் பாட்டு, அதே மாதிரிக் குரல், அதே மாதிரித் தாளம்தான் வந்துகொண்டே இருக்கிறது. எம்.ஜி.ஆர். பாட்டு கேட்கிற டிரைவருக்கு அது பாக்கைக் காட்டவே காட்டாது. பேத்தி தானாகத் தேடிப் போட்டுக் காட்டினதில் 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' எனக்குப் பிடித்தது, பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடினது. நடுவில் ஒப்பாரி மாதிரி வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் கல்யாண வீட்டுக் கேசட்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அதனால் ஆசிரியர் அவர்களே, நீங்கள் கட்டத்தை எடுக்க வேண்டாம், கடைசியில் தலைப்பே இல்லாமல் இன்னும் ஒரே ஒரு கட்டம் போடுங்கள், அதில் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன உதவி. என் மாஸ்டர் டேப்புகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன, எதில் என்ன போட்டேன் என்று கணக்கும் வைக்கவில்லை. என் கடைக் கேசட் என்றால் அட்டையில் பாட்டுப் பெயர்கள் பச்சை மையில் இருக்கும், கடைசியில் பெயர் எழுதாமல் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டிருப்பேன். நெல்லைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று கிடந்தால், நட்சத்திரம் போட்ட இடத்தில் என்ன ஓடுகிறது என்று உங்கள் பத்திரிகைக்கு ஒரு அஞ்சலட்டை போடச் சொல்லுங்கள். கேசட்டைத் திருப்பித் தர வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் சென்டர்காரன்,
திருநெல்வேலி ஜங்ஷன்