பேத்தி கேட்ட ஆந்தைக் கதை

ரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய பணம் போதுமானதாக இருந்தது. வேறு விசேஷமில்லை.

சென்ற வாரம் பேத்தி தன் வேல்ஸ் பள்ளிக்கூடத்தில் கேட்ட பூப்பெண் கதையைச் சொல்லிவிட்டு, நம் ஊரிலும் ஆள் ஆந்தையான கதை உண்டா என்று கேட்டாள். உண்டு. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படியே சொல்லக்கூடியதன்று என்பதால் உனக்கு எழுதுகிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீயும் மருமகளும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சேர்ந்து என்று எழுதியிருப்பதைக் கவனி.

அந்தப் பறவையைச் சிங்களத்தில் உலமா என்பார்கள். பாட்டி சொல்லக் கேட்டு நீ போர்வைக்குள் ஒளிந்துகொண்ட அதே கதைதான். மனைவி மீது சந்தேகம் கொண்ட ஒருவன், பிறந்த பிள்ளை தன்னுடையதன்று என்று தானாகவே தீர்மானித்து, அவள் வெளியே போயிருந்த நேரத்தில் பிள்ளையைக் கொன்று கறியாக்கி, திரும்பி வந்தவளுக்குச் சோற்றோடு பரிமாறினான். கறிக்குள் ஒரு சின்ன விரல் அகப்பட்டது. அவள் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையானாள். அந்த அலறல் கேட்ட வீட்டில் சாவு விழும் என்பார்கள். அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் எங்கும் இல்லை.

1859-இல் எமர்சன் டெனன்ட் இலங்கையைப் பற்றி எழுதிய நூலிலும் இந்தக் குரல் வருகிறது. குருநாகலில் அதைக் கேட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி, சித்திரவதைப்படும் சிறுவனின் கதறல் கழுத்தை நெரித்து அடக்கப்படுவது போல இருந்தது என்கிறார். வயிற்றில் புள்ளிகளும் பக்கவாட்டில் சாய்ந்த காதுக் கொண்டைகளும் உள்ள பெரிய காட்டாந்தைதான் அது என்று இப்போது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பேத்திக்கு அந்த ஆந்தையைப் படத்தில் காட்டு, விரல் வேண்டாம்.

உங்கள் ஊர்க் கதையில் பெண் மீதும் குற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. தாயின் சாபத்தால் மனிதப் பெண்ணை மணக்க முடியாத ஒருவனுக்காக மந்திரவாதிகள் இருவர் ஓக், புரூம், மெடோஸ்வீட் பூக்களிலிருந்து பிளொடைவெத் என்ற பெண்ணைச் செய்கிறார்கள். அவள் வேறொருவனை விரும்பி, அவனோடு சேர்ந்து கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறாள். பகலில் முகம் காட்ட முடியாமல், மற்றப் பறவைகள் எல்லாம் விரட்டும்படி அந்த மந்திரவாதிகளில் ஒருவன் அவளை ஆந்தையாக்கிவிடுகிறான். அவளுடைய தோழிப் பெண்கள், துரத்தி வருகிறவர்களுக்குப் பயந்து பின்னால் பார்த்துக்கொண்டே நடந்து ஏரியில் விழுந்து மூழ்கிப்போகிறார்கள். பேத்தி இந்த இடத்தில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூவாக இருந்தவளிடம், இவனைக் கட்டிக்கொள்கிறாயா என்று யாராவது கேட்டார்களா? எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், மகன். கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நீ. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். கணக்கில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் இரவு வேலைக்குப் போகிறவள் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தாள் என்பதெல்லாம் ஒரு கணக்கா? அன்று வீடியோவில் முகம் பார்த்துப் பேசியபோது மருமகளின் தொலைபேசி உன் கையில் இருந்தது, அவள் உடுப்புக்கூட மாற்றாமல் கதவோரம் நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன்னுடையது பழுதாகியிருக்கலாம். எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்.

சின்ன வயதில், அந்தப் புருஷன் என்ன ஆனான் என்று நீ கேட்பாய். பாட்டி என்னைப் பார்ப்பார். நான் வெளியே போய்விடுவேன். அதற்குக் காரணம் இருந்தது. நீ பிறந்த வருடம் நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்து, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வந்தேன். யாரோ விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, நாட்காட்டியைக் கழற்றி மாதங்களைப் பின்னோக்கி எண்ணினேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. சரியாக வந்த பிறகும் ஒருநாள் இரவு, சோறு போட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், இவன் யாரைப் போல இருக்கிறான் என்று கேட்டேன். அவள் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள், உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. பாட்டிதான் லாந்தரோடு தேடிப் போய், மேட்டு லயத்து மாரியம்மன் கோயில் திண்ணையிலிருந்து விடியற்காலையில் உங்கள் இருவரையும் கூட்டி வந்தார். அன்றிரவு காட்டுப் பக்கம் எந்தப் பறவையும் அலறவில்லை. விடியும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதையில் அந்தப் புருஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூட அதிபரானேன், மாலை போட்டு அனுப்பினார்கள், ஓய்வூதியம் வருகிறது. உன் அம்மா அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு போடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீயும் அதைக் கவனித்திருப்பாய்.

இப்போதுகூட வெறுந்தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்படி என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். பேத்திக்கு ஆந்தைக் கதை என்றேன்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியை முதலில் மருமகளிடம் கொடு. நான் அவளோடு பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பா