பிறந்தநாளை வீட்டு முற்றத்தில் வையுங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் விசுவமடுப் பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் மண்டபம், ட்ரோன் கமரா என்று வந்துவிட்டது. நுண்கடன் எடுத்துச் செய்பவர்களைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. என் பேத்திக்கு வருகிற மாதம் மூன்று வயது. முற்றத்து மாமர நிழலில், பின்னேரம் 4 மணிக்கு வைப்போம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை நித்திரை கொண்டு எழும்பியிருக்கும். அயல் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்தால் போதும்.

வீட்டில் செய்வதென்றால் கவனமும் வேண்டும். வன்னி வளவுகளில் கட்டில்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. கிணற்றடியை அடைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே பெரியவர் ஒருவரை வையுங்கள். சமையல், படம் எடுப்பது எதையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

கச்சான் எங்கள் மண்ணின் பண்டம்தான். ஆனாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான் வேண்டாம், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வெடித்த பலூன் துண்டும் அப்படித்தான், உடனே பொறுக்கிவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், கேக்கில் மெழுகுதிரி எரியும்போது நுரை ஸ்பிரே அடிப்பதுதான். நுரையை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது. ஐதரசன் நிரப்பிய பலூனும் நெருப்புப் பட்டால் வெடித்து எரியும். பிள்ளையின் முகமோ மெழுகுதிரிக்குக் கிட்ட இருக்கிறது. விற்கும் கடைக்காரர்கள் இதைச் சொல்லியே விற்க வேண்டும். கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்குக் குடும்பநல உத்தியோகத்தர்களும் எடுத்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் அம்மம்மா,
விசுவமடு.