புகைப்படக் கழக நண்பர்களுக்கு: அடுத்த கண்காட்சியில் ஒரு சுவரை ஊருக்கு ஒதுக்குங்கள்

அன்புள்ள கழக நண்பர்களுக்கு,

வணக்கம். நம் திருகோணமலையில் நீங்கள் வைத்த புகைப்படக் கண்காட்சிக்கு வந்திருந்தேன். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவள், மண்டபத்தைப் பூட்டும் வரை நின்றுவிட்டேன். இராவணன் வெட்டின் விடியற்காலை, கோட்டைக்குள் மேயும் மான்கள், புறாத்தீவின் பவளப்பாறை, ஆழ்கடலில் வால் தூக்கும் திமிங்கிலம் என்று எல்லாமே கண்ணுக்கு நிறைவாக இருந்தன. இந்தப் பிள்ளைகள் எவ்வளவு காலையில் எழும்பியிருப்பார்கள், எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். வேலைக்குப் போய்க்கொண்டு, கைக்காசைப் போட்டுச் சட்டம் அடித்து, மண்டபத்துக்கு வாடகையும் கட்டி ஒரு கண்காட்சி வைப்பது எளிதான காரியமல்ல. அதற்கு முதலில் என் நன்றி.

இந்த மடலை எழுத வைத்தது ஒரே ஒரு படம். டச்சுக்குடாவில் கரைவலை இழுக்கும் படம். மீன் சேரும் வலையின் மடி கரையேறும் நேரத்தில் எடுத்திருக்கிறீர்கள். முன்னால் நிற்பவரின் சாரத்திலிருந்து தண்ணீர் வழிகிறது. தோளில் கயிறு பதிந்த தடம் தெரிகிறது. அவருடைய வாய் திறந்திருக்கிறது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் ஏதோ ஓரடியில் இருக்கிறார். அருமையான படம். கீழே ஒட்டியிருந்த சிறிய அட்டையில் ‘உழைப்பு’ என்ற தலைப்பும், எடுத்தவரின் பெயரும், லென்ஸின் அளவும் இருந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றபோது இரண்டு பெண்கள் வந்தார்கள். “இவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர் அல்லவா?” என்றார் ஒருவர். மற்றவர் அவருடைய பெயரைச் சொன்னார், தகப்பனின் பெயரைச் சொன்னார், எந்த வருடம் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தார்கள் என்பதையும் சொன்னார். அந்த அட்டையில் இருந்திருக்க வேண்டிய அத்தனையும் அரை நிமிடத்தில் காற்றோடு போயிற்று. எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு முன்னால் கிடக்கும் பெரிய வேலையைக் காட்டவே எழுதுகிறேன்.

நம் ஊரில் படம் இல்லாத வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். கலவரத்துக்கும் போருக்கும் பயந்து 1983இல் ஓடினார்கள், 1990இல் ஓடினார்கள், 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஓடினார்கள். காணி உறுதி, அடையாள அட்டை, நகை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் என்று கையில் அகப்பட்டதை எடுத்தார்கள். அல்பத்தை எடுக்க யாருக்கு நேரம் இருந்தது? மிஞ்சியிருந்ததில் ஒரு பங்கை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனது. இன்று பல வீடுகளில் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் படத்தை உற்றுப் பாருங்கள். அது அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படமாக இருக்கும். முகம் மட்டும் பழையது. கோட்டும் கழுத்துப்பட்டியும் ஸ்ரூடியோவில் பிறகு போட்டவை. அந்த மனிதர் வாழ்நாளில் கோட்டுப் போட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் அந்தக் குடும்பத்திடம் அவருடைய வேறு முகம் இல்லை.

எஞ்சியிருப்பவையும் அழிந்துகொண்டிருக்கின்றன. உப்புக் காற்றும் புழுக்கமும் நம் ஊரில் படத்துக்குப் பெரிய எதிரிகள். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரளவு தாங்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த வண்ணப் படங்களில் நீலமும் பச்சையும் வடிந்து, எல்லாம் சிவப்பேறிக் கிடக்கின்றன. இரு பக்கத்துக் கண்ணாடித்தாளில் பூஞ்சணம் பிடித்த கலியாண அல்பங்களை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பழைய ஸ்ரூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. அவற்றின் நெகட்டிவ்கள் எந்த லாச்சியில், எந்தத் தகரப் பெட்டியில் கிடக்கின்றன என்பதைத் தேடிப் பார்த்தவர் உண்டா? சாமத்தியச் சடங்கு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, புதிதாக வாங்கிய சைக்கிள், பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர் நிற்கும் செத்தவீட்டுப் படம் என்று ஊரின் முழு வாழ்வும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அந்தப் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். உடனே பிரித்து வையுங்கள், முதலில் அதைப் பிரதியெடுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கண்காட்சியில் ஒரு சுவரை ஊருக்கு ஒதுக்குங்கள். வீடுகளில் இருக்கும் படங்களையும் மூடிய ஸ்ரூடியோக்களின் நெகட்டிவ்களையும் பிரதியெடுத்து, உங்கள் படங்களுக்குக் கொடுக்கும் அதே சட்டத்தில், அதே வெளிச்சத்தில் மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், ஏனென்றால் அந்தப் படங்களில் நிற்பவர்கள் தமிழர் மட்டுமல்லர்.

2011இல் ஜப்பானில் சுனாமி அடித்த பிறகு, சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் அள்ளியெடுத்துச் சுத்தமான தண்ணீரில் அலசி, உலர்த்தி, பிரதியெடுத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். கம்பனிகளும் மாணவர்களும் கமராக்காரர்களும் அதில் கைகொடுத்தார்கள். நம் கரையில் 2004இல் அந்த அறிவு யாரிடமும் இருக்கவில்லை. நனைந்த படங்கள் குப்பையோடு எரிந்தன. இப்போது உங்களிடம் அறிவும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது.

வேலை என்னவென்று நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இருந்தும், வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு வைத்துக் கமராவால் எடுங்கள், கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்புத் தெரியாது. பசைத்தாள் அல்பத்திலிருந்து படம் வர மறுத்தால் பக்கத்தோடு சேர்த்தே பிரதியெடுங்கள். அடையாள அட்டை அளவுப் படங்களை ஸ்கேன் செய்யும்போது சாதாரணப் படத்துக்கு வைப்பதைவிட நுணுக்கத்தை (ரெசொலூஷனை) கூட்டி வையுங்கள். அந்தச் சின்ன முகம்தான் நாளைக்குச் சுவரில் பெரிதாகத் தொங்கப்போகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று மூலப் படத்தை லமினேற் செய்வது நம் மக்களின் வழக்கம். சூடும் பசையும் பட்ட படத்தைப் பிறகு யாராலும் மீட்க முடியாது என்று போகும் வீடெல்லாம் சொல்லுங்கள். மூலப் படத்தை ஒரு நாள்கூட உங்களிடம் வைத்திருக்காதீர்கள். வீட்டுத் திண்ணையிலேயே பிரதியெடுத்து, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்தவர்கள், படத்தை இரவலாகக் கொடுத்துவிட்டு இரவில் தூங்கமாட்டார்கள்.

அச்சிட்ட பிரதி ஒன்றையும் கட்டாயம் கொடுங்கள். ‘கிளவுட்டில் ஏற்றியிருக்கிறோம்’ என்பது ஓர் அம்மாவுக்குப் பதிலாகாது. இந்த நாட்டின் ஆகப்பெரிய புகைப்படக் கலைஞர் என்று நீங்கள் கொண்டாடும் லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று அவருடைய படங்களை நாம் பார்க்க முடிகிறதென்றால், அச்சிட்ட பிரதிகள் தப்பியதால்தான். வென்டுக்கு நடந்தது நமக்கு நடக்காது என்று சொல்ல முடியுமா? பழுதாகிப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்று உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கும்.

படம் என்ன செய்யும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள் என்பதை நாட்டுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். கமரா பிடித்துக்கொண்டு இந்த வீதிகளில் நடக்கும் ஒவ்வொரு இளையவரும் அவருடைய பெயரை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கழகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அபேர்ச்சரும் ஷட்டரும் சொல்லிக்கொடுக்கும் முதல் வகுப்பிலேயே அவரைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள். எல்லோரும் செய்தியாளராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கமராவால் சாட்சி சொல்ல முடியும் என்பதை மறக்காதிருக்கக் கேட்கிறேன்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிரதியெடுத்த எல்லாவற்றையும் மாட்ட வேண்டியதில்லை. சில முகங்களை வெளியே காட்ட வீட்டார் விரும்பமாட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைச் சுவரில் காண ஒரு தாய் விரும்பலாம், இன்னொரு தாய்க்கு அது தாங்க முடியாததாக இருக்கலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் பெண்களின் படத்தைப் பொதுவில் வைக்கச் சம்மதிக்காத குடும்பங்கள் இருக்கும். அவர்களுக்கும் பிரதி கொடுங்கள், கழகத்தின் சேமிப்பிலிருந்து அழித்துவிடச் சொன்னால் அழித்துவிடுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். முகநூலில் போடுவதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். கண்காட்சிக்குக் கொடுத்த சம்மதம் அதற்குச் செல்லாது.

கண்காட்சி நகர மண்டபத்தோடு முடிந்துவிடவும் கூடாது. சம்பூரிலிருந்து ஒரு முதியவர் படம் பார்க்க நகரத்துக்கு வருவாரா? படங்களை அட்டையில் ஒட்டி ஒரு வான் வண்டியில் ஏற்றினால் தம்பலகாமத்துக்கும் குச்சவெளிக்கும் வெருகலுக்கும் போய்விடலாம். பாடசாலை மண்டபம் போதும். அதுவும் இல்லாவிட்டால் மர நிழலில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். கூடவே ஒரு மேசை போட்டு, ஸ்கேனரும் பென்சிலும் கொப்பியும் வையுங்கள். படம் பார்க்க வருகிறவர்கள் தங்கள் படத்தோடு திரும்பி வருவார்கள். மாட்டியிருக்கும் படங்களில் பெயர் தெரியாதவர்களுக்குப் பெயரும் சொல்வார்கள். கரைவலைப் படத்துக்கு முன்னால் நடந்ததைப் போல அது காற்றோடு போகாமல், யாராவது ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். படத்தின் பின்புறம் எழுதுவதானால் பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும்.

ஆகஸ்ட் 19ஆம் திகதி உலகப் புகைப்பட தினத்தையொட்டித்தான் அடுத்த கண்காட்சியை வைப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் மாவட்டம் முழுவதையும் சுற்றி வர முடியாது, அது எனக்கும் தெரியும். ஒரு கிராமத்தில் தொடங்குங்கள். உவர்மலையிலும் மூதூரிலும் என்னிடம் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வீடுகளுக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவது என் பொறுப்பு. விளக்கக் குறிப்பு எழுதும் மேசையில் நான் இருந்துகொள்கிறேன். கொப்பியும் பென்சிலும் என் செலவு. உங்கள் மாதாந்தக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, என்ன முடிவெடுத்தாலும் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கூட்டத்துக்கே வரச் சொன்னாலும் வருகிறேன்.

அந்தக் கரைவலைக்காரரின் பெயரை விசாரித்து வைத்திருக்கிறேன். படத்தை எடுத்த தம்பி என்னைத் தொடர்புகொண்டால், ஒரு பிரதியோடு அவர் வீட்டுக்கு இருவரும் போய்வரலாம்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை