18,000 அடிப் படம் ஐந்து மணி நேரம் ஓடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில், "அந்தக் காலத்து 18,000 அடிப் படங்கள் ஐந்து மணி நேரம் ஓடின, சுருளை விரித்தால் 18 கிலோமீட்டர் நீளும்" என்று ஒரு வரி இருந்தது. கொட்டகைக் கேபினில் ஆபரேட்டராக நின்று பிழைத்தவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

தாங்கள் அறியாததல்ல. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படக்கட்டம். பேசும் படம் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓடும். ஆகவே நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. 18,000 அடிப் படம் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் ஓடும். அதன் நீளம் ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டுரையாளர் சொல்லும் 18 கிலோமீட்டரை அவர் சொல்லும் ஐந்து மணி நேரத்தில் ஓட்டி முடிக்க வேண்டுமானால், பிலிம் மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில், நொடிக்கு 52 பிரேமுக்கு மேல் போக வேண்டும். கொட்டகை புரொஜெக்டரில் அது போவதோ மணிக்கு 1.65 கிலோமீட்டர்தான். அச்சுக்குப் போகும் முன் இதை ஒருவர்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஐந்து மணி நேரம் எப்படி வந்தது என்பதும் தெரிகிறது. நிமிடத்துக்கு 60 அடி, நொடிக்கு 16 பிரேம் என்பது கையால் சுற்றிய மௌனப்படக் காலத்துக் கணக்கு. 1931-இல் 'காளிதாஸ்' வந்து படம் பேசத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்குக்கு இடமில்லை; ஒலித்தடம் பிலிமின் ஓரத்திலேயே இருப்பதால், வேகம் மாறினால் குரலும் மாறிவிடும். மௌனப்பட நடிகர்கள் துள்ளித் துள்ளி நடந்ததை அக்கால நடிப்பு முறை என்று தங்கள் இதழ் முன்பு எழுதியது. 16 பிரேமில் எடுத்ததை 24 பிரேமில் ஓட்டினால் யார் நடந்தாலும் அப்படித்தான் தெரியும் என்று அப்போதே கடிதம் எழுதினேன், அது வெளிவரவில்லை. பிறகு, ஒரு பழைய படம் தொலைக்காட்சியில் எட்டு நிமிடம் குறைந்துவிட்டது, வெட்டிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தது. நம் தொலைக்காட்சி நொடிக்கு 25 பிரேம் முறை. அதில் 200 நிமிடப் படம், ஒரு பிரேமும் வெட்டுப்படாமல், 192 நிமிடத்தில் முடியும். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து கேட்கும். அதற்கும் எழுதினேன்.

எங்கள் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் இருந்தது. பாபநாசம் பக்கம் இரண்டு கொட்டகைகளுக்குப் படத்தின் ஒரே பிரதி (பிரிண்ட்) வரும். இரண்டு ரீலை ஒட்டிய 2,000 அடி ஸ்பூல் 22 நிமிடம் ஓடும். அது முடிந்ததும் பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மற்றக் கொட்டகைக்கு ஐந்து கிலோமீட்டர் மிதிப்பான். அதற்கு இருபது நிமிடம். அங்கே திருப்பிச் சுற்றிப் போட இன்னும் சில நிமிடம். ஆகவே அங்கே ஆட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்போம். ஐப்பசி அடைமழையில் குடமுருட்டிக் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர முடியும் என்பதால், அந்த நாட்களில் நியூஸ் ரீலும் ஸ்லைடும் போட்டு நேரத்தைக் கடத்துவோம். கட்டுரைக் கணக்குப்படி ஸ்பூல் 33 நிமிடம் ஓடும் என்று நம்பி நாங்கள் உட்கார்ந்திருந்தால், திரை வெளுத்துப் போய், மணல் தரையில் இருந்த கூட்டம் கேபின் கதவுக்கே வந்திருக்கும்.

இது ஆபரேட்டர் கவலை மட்டுமன்று. இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்துக்கு அரசு 11,000 அடி என்று வரம்பு விதித்தது. அது இரண்டு மணி இரண்டு நிமிடப் படம். தங்கள் கட்டுரைக் கணக்கில் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். அப்படியானால் அன்றைய தயாரிப்பாளர்கள் பட்ட நெருக்கடியும், பாட்டும் காட்சியும் ஏன் குறைந்தன என்பதும் இளைய வாசகருக்கு எப்படிப் புரியும்? பழைய படங்கள் பலவற்றுக்கு இன்று பிரிண்ட் இல்லை. பதிவேட்டில் உள்ள அடிக்கணக்கை வைத்துத்தான் அவை எவ்வளவு நேரம் ஓடின என்று சொல்ல முடியும்.

வரும் ஞாயிறு இணைப்பிதழில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 35 மி.மீ. பேசும் படத்தின் நீளம் அடியில் இருந்தால் 90-ஆலும், மீட்டரில் இருந்தால் 27.4-ஆலும் வகுத்தால் நிமிடம் கிடைக்கும் என்ற ஒரு வரியை அதோடு சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்கு ஆபரேட்டர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.