மாத்திரையின் கம்பெனி மாறும்போது நோயாளிக்குச் சொல்லி மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் வட்டங்களைச் சேர்ந்த மருந்தாளுநர்கள். வலிப்பு, தைராய்டு, இதய வால்வு நோயாளிகளின் குடும்பத்தார்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம், தஞ்சாவூர்.

பொருள்: குறுகிய பாதுகாப்பு வரம்புள்ள மருந்துகளில் தயாரிப்பாளர் மாறுவதை முன்கூட்டி அறிவித்தல், நோட்டில் பதிதல், ரத்தப் பரிசோதனை செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெனரிக் மருந்து, அதாவது ஒரு கம்பெனி முதலில் கொண்டுவந்த மருந்தை அதே மூலப்பொருளோடு மற்ற கம்பெனிகள் தயாரிப்பது, வேண்டாம் என்று கேட்கும் மனு அல்ல இது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தரும் ஜெனரிக் மாத்திரைகள் இல்லையென்றால் டெல்டாவில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் பலவற்றில் வைத்தியமே நின்றுபோகும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரச் சோதனையில் தேறிய எந்தக் கம்பெனி மாத்திரையையும் பெரும்பாலோர் கவலையின்றிச் சாப்பிடலாம். எங்கள் கவலை வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின், மனநலச் சிகிச்சைக்கான லித்தியம், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் போன்ற சில மருந்துகளைப் பற்றியது. இவற்றில் நோயைக் கட்டுப்படுத்தும் அளவுக்கும் உடம்பைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு.

ஃபெனிட்டாயினையே எடுத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அதைச் சிதைக்கும் ஈரலின் திறன் நிரம்பிவிடுகிறது. அதன்பின் மாத்திரையிலிருந்து சற்றே கூடுதலாக மருந்து உடலில் சேர்ந்தாலும் ரத்த அளவு பல மடங்கு வேகத்தில் ஏறும். நடை தள்ளாடும், நாக்கு குழறும், பார்வை இரண்டாகத் தெரியும். ஊரார் குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்குவார்கள். அளவு குறைந்தாலோ, அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். நடவு வயலிலோ வாய்க்காலில் குளிக்கும்போதோ வலிப்பு வந்தால் முழங்கால் தண்ணீரே உயிரை எடுத்துவிடும்.

மருந்தின் அளவு மாறாமல், மாத்திரைக்குப் பருமன் தரச் சேர்க்கும் நிரப்புப்பொருள் மட்டும் மாறினாலும் இது நடக்கும். 1968-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாயினில் இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்க்கப்பட்டது. அதே அளவைச் சாப்பிட்டுவந்த நோயாளிகள் பலருக்கு நச்சு அறிகுறிகள் தோன்றின.

ஜெனரிக் மருந்து ஒவ்வொன்றும் முதலில் வந்த கம்பெனியின் மருந்தோடு ஒப்பிடப்படுகிறது. ரத்தத்தில் சேரும் அளவு 80 முதல் 125 சதவீத வரம்புக்குள் நிற்க வேண்டும். நடைமுறையில் வித்தியாசம் இதைவிடக் குறைவுதான். ஆனால் ஒரு ஜெனரிக்கை இன்னொரு ஜெனரிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனை நோயாளிக்கு டெண்டர் மாறும்போதெல்லாம் நடப்பதோ ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான். மேலும், நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனை இந்தியாவில் கட்டாயமானது 2017-இல்தான். அறிமுகமாகி நான்கு ஆண்டு கடந்த பழைய மருந்துகளுக்கு அதற்கு முன் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. ஃபெனிட்டாயினும் கார்பமசெபைனும் இந்த வகையில் வருபவை.

ஒவ்வாமை உள்ளவர்களின் சிக்கல் வேறு. டார்ட்ரசைன் என்ற மஞ்சள் நிறமி சிலருக்குத் தடிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும். கோதுமை மாவுச்சத்து, கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிக்கு ஆகாது. மாத்திரை அட்டையில் பெரும்பாலும் நிறமியின் பெயர் மட்டுமே இருக்கிறது; மருந்தோடு கலக்கும் மற்ற சேர்பொருள்களை நோயாளியோ மருந்தாளுநரோ தெரிந்துகொள்ள எளிய வழியில்லை.

இத்தோடு நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கார்பமசெபைன் மாத்திரை ஈரத்தை உறிஞ்சினால் இறுகிப்போய் வயிற்றில் சரியாகக் கரையாது. மூன்றில் ஒரு பங்கு வரை பலன் குறையக்கூடும். இன்னொரு வலிப்பு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட்டும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவற்றை அட்டையிலிருந்து பிரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தால், எந்தக் கம்பெனி மாத்திரையானாலும் வீணாகும். வலிப்பு திரும்பினால் ஜெனரிக் சரியில்லை என்று பழி வரும். உண்மையில் கெடுத்தது உறையாக இருக்கலாம்.

ஆகவே, மேற்சொன்ன மருந்துகளைப் பொறுத்தவரை, ஒரு நோயாளிக்கு ஒரே தயாரிப்பாளரின் மாத்திரை தொடர்ந்து கிடைக்கும்படி மாவட்ட மருந்துக் கிடங்கிலிருந்து ஒதுக்கீடு செய்ய வேண்டுகிறோம். தயாரிப்பாளர் மாறப்போவது தெரிந்தவுடன் பழைய இருப்பை இந்த நோயாளிகளுக்கென ஒதுக்கிவைத்தால் மாற்றத்துக்கு முன் கால அவகாசம் கிடைக்கும். மாற்றியே ஆக வேண்டிய நாளில் புதிய கம்பெனியின் பெயரையும் தொகுதி எண்ணையும் ஓ.பி. நோட்டில் எழுதி, நோயாளியிடம் வாயாலும் சொல்ல வேண்டும். மாத்திரையின் நிறம் மாறியதைப் பார்த்து, இது வேறு மருந்து என்று எண்ணிப் பழையதோடு சேர்த்துச் சாப்பிடுவோரும் உண்டு. ஒரு நிமிடப் பேச்சு அதைத் தடுக்கும்.

மாற்றியபின் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். வார்ஃபாரினுக்கு ஒரு வாரத்துக்குள் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., லெவோதைராக்சினுக்கு 6 வாரத்தில் தைராய்டு பரிசோதனையான டி.எஸ்.எச்., ஃபெனிட்டாயினுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ரத்த அளவு. ஃபெனிட்டாயின் அளவுப் பரிசோதனை வட்ட மருத்துவமனையில் இல்லாவிட்டால் ரத்த மாதிரியைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி முடிவைப் பெற்றுத் தர ஏற்பாடு வேண்டும். வேலை நாள் கூலியை இழந்து நோயாளியே அலையக் கூடாது.

சேர்பொருள் பட்டியலை ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் பெற்று மருந்தகங்களுக்கு அனுப்பும்படி மருத்துவப் பணிகள் கழகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஈரம் ஆகாத மாத்திரைகளை அட்டையோடு மட்டுமே வழங்க உத்தரவிட வேண்டும். பக்கவிளைவுப் புகார் படிவங்களை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைத்து, 1800 180 3024 என்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண்ணை மருந்து வழங்கும் சாளரத்தருகே தமிழில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்

இடம்: கும்பகோணம்