நாயோடு வேல்ஸ் கடற்கரைக்கு: அக்டோபருக்குப் பிறகு போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலச் சிறு விடுமுறைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வேல்ஸ் கடற்கரைக்குக் கோடையில் போவதே நல்லது என்று முடிந்திருந்தது. நாய் வளர்ப்பவர்களுக்கு அது நேர்மாறு. டென்பியின் வடக்குக் கரை, செயின்ட் டேவிட்ஸ் பக்கத்து ஒயிட்சாண்ட்ஸ், அபெரிஸ்ட்வித்தின் வடக்குக் கரை போன்ற பேர்பெற்ற மணற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களுக்குத் தடை. வேறு பல கரைகளில் ஒரு பகுதி மட்டும் விடுவார்கள். அக்டோபர் பிறந்ததும் இந்தத் தடைகள் விலகி, ஏப்ரல் முடியும்வரை ஏழு மாதம் கரை நாய்களுக்கும் உண்டு. ரோசிலி, ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட், பாராஃபண்டில் ஆகியவற்றில் ஆண்டு முழுவதுமே தடை இல்லை.

ஆனால் குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் வானிலையைப் பார்க்கும் அளவுக்குக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்ப்பதில்லை. அங்கே பகலைத் தீர்மானிப்பது மழையைவிட ஓதம்தான். டென்பி பக்கம், கடல் மிக உயர ஏறி மிகத் தாழ இறங்கும் பெருவெள்ள நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 7 மீட்டருக்கு மேல். அபெரிஸ்ட்வித், பார்மத் இருக்கும் கார்டிகன் விரிகுடாவில் 4 மீட்டரை ஒட்டி. இந்த ஏற்றம் ஆறு மணி நேரத்தில் சீராக வருவதில்லை. மொத்த உயர்வைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது வற்றம் முடிந்து இரண்டு மணி நேரம் கடல் மெதுவாகவே ஏறுவதுபோல் தெரியும். அடுத்த ஒரு மணியில் டென்பிக் கரையில் ஆளுயரத் தண்ணீர் ஏறிவிடும். கௌவர் தீபகற்பத்தில் திரீ கிளிஃப்ஸ் விரிகுடாவிலிருந்து ஆக்ஸ்விச் வரை வற்றத்தில் மணலிலேயே நடந்து போகலாம். போனவர்கள் திரும்பும்போது பாறை முனையைத் தண்ணீர் சூழ்ந்திருப்பது இப்படித்தான். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்பி, வற்ற நேரம் வந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: தினசரிக் காலண்டர். அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஓரிரு நாளில் பெருவெள்ளம் வரும். தெற்கே டென்பி, கௌவர் பக்கம் அந்த நாட்களில் பெருவற்றம் எப்போதும் நண்பகலை ஒட்டியே விழும், ஒரு மணி முன்னே பின்னே. அபெரிஸ்ட்வித், பார்மத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிந்தி. டிசம்பரில் விடிவது காலை எட்டுக்குப் பிறகு, சூரியன் மறைவது மாலை நான்கைத் தாண்டியவுடன். இவ்வளவு குறுகிய பகலில் நடுப்பகலில் கரை முழுதும் திறந்து கிடப்பது பெரிய வரம். அஷ்டமி கழிந்த நாட்களில் நிலைமை தலைகீழ்: ஏற்ற இறக்கம் குறைவு, தெற்கில் நண்பகலில்தான் தண்ணீர் மேலே நிற்கும், நாய் ஓட மணல் குறுகியிருக்கும். வீட்டை எந்த வாரத்துக்குப் பதிவு செய்வது என்பதை இதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

உள்ளூர்க் கடைகளில் விற்கும் ஓத அட்டவணைப் புத்தகங்களில் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும் கோடை நேரத்தில், அதாவது அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்பும் மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பின்பும், போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அட்டவணையின் மேல் ஓரத்தில் எந்தக் கணக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் படிக்கக்கூடாது.

அலையில் பந்து எறிவதைக் குளிர்காலத்தில் அறவே விட்டுவிட வேண்டும். கோடையில் நிற்கும் உயிர்காப்பாளர்கள் அப்போது பெரும்பாலான கரைகளில் இருக்க மாட்டார்கள். நியூகேல் போன்ற கூழாங்கல் மேட்டுக் கரைகளில் அலை செங்குத்தாக விழுந்து, காலடிக் கல்லோடு சேர்த்து உள்ளே இழுக்கும். புயல் நாட்களில் அந்தக் கற்கள் பக்கத்து நெடுஞ்சாலையிலேயே வந்து கிடக்கும். நாய் இழுபட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். நாய் தானாகக் கரையேறிவிட, அதைத் தேடி இறங்கியவர் மூழ்கிப்போகும் துயரம் பிரிட்டனின் கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அது ஏறி வரக்கூடிய சரிவுக்கு நடந்து போய், அங்கே நின்று கூப்பிடுங்கள். 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். ஸ்வான்சியில் 1930-களில் 27 பேரைத் தண்ணீரிலிருந்து மீட்டதாகச் சொல்லப்படும் ஜாக் என்ற கறுப்பு நாய்க்குக் கடற்கரை நடைபாதையில் நினைவுக்கல் இருக்கிறது. நாய் நம்மைவிட நன்றாக நீந்தும் என்பதை நினைவில் வைக்க அதைவிட வேறு சான்று வேண்டாம்.

மலைமுகட்டுப் பாதையிலும் அதே எச்சரிக்கை. 2012-இல் திறந்த வேல்ஸ் கடலோரப் பாதை 870 மைல், அதில் வேலியில்லாத முகடுகள் ஏராளம். மழையில் ஊறிய புல்தரையின் கீழே மண் அரித்துப் போயிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. முயலையோ கடற்காகத்தையோ துரத்தும் நாய்க்கு விளிம்பு எது என்று தெரியாது. இரண்டு மீட்டர் கயிறு கையில் இருக்கட்டும். நீண்டு சுருங்கும் கயிறு இங்கே உதவாது.

குளிரால் நாய்க்கு வரும் தொல்லைகளில் பலர் கேள்விப்படாதது வால் தொங்கிப்போவது. பிப்ரவரி, மார்ச்சில் அங்கே கடல் 8 டிகிரி அளவுக்கு இறங்கும். அதில் நீந்திய லாப்ரடார், ரிட்ரீவர் வகைகளுக்கு மறுநாள் வால் அடியில் ஓரிரு அங்குலம் விறைத்து, மீதி செத்ததுபோல் தொங்கும். உட்காரவே வலிக்கும். வாலடித் தசை குளிரிலும் உழைப்பிலும் அடிபட்டதுதான் காரணம். எலும்பு முறியவில்லை. ஓய்வும் கால்நடை மருத்துவர் தரும் வலி மருந்தும் போதும், சில நாட்களில் சரியாகும். மனிதர்கள் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு, அதைக் கொடுத்துவிடாதீர்கள். கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற மெல்லிய ரோம நாய்களுக்கு நனைந்த உடம்பில் படும் காற்றுதான் எதிரி. நடுங்கிக்கொண்டிருந்த நாய் உடம்பு சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திச் சோர்ந்தால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். நாய்க்கு இரண்டு துண்டு, துவாலைத் துணியில் தைத்த மேலங்கி ஒன்று, கழுவ வண்டியில் பத்து லிட்டர் நல்ல தண்ணீர். வயிற்றடியையும் விரலிடுக்கையும் கழுவித் துடைத்துவிட்டே வண்டியில் ஏற்றுங்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் இரண்டே நாளில் தோல் புண்ணாகும்.

குடிக்கத் தனியாக ஒரு நாய்க்கு இரண்டு லிட்டர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, தண்ணீராய்ப் பேதி, பிறகு தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். தள்ளாடத் தொடங்கிய நாய்க்குக் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துவிடாதீர்கள். இரத்தத்தில் உப்பு சட்டென்று குறைந்தால் மூளை வீங்கும். நேரே மருத்துவரிடம் போகவேண்டியதுதான். ஊருக்குள் நுழையும் முன்பே இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, எத்தனை மைல் என்று எழுதிவையுங்கள். மேற்குக் கரையில் அது பக்கத்து ஊரில் இருக்கும் என்று நம்பக்கூடாது.

புயலுக்கு மறுநாள் அலை ஒதுக்கிய குப்பை வரிசையில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மெழுகுக் கட்டிபோல் கிடந்தால் அது பெரும்பாலும் கப்பல்கள் கொட்டிய பாமாயில். டீசல் நாற்றம் அடிக்கும், ஆனாலும் நாய்க்கு அது விருந்து. குடலை அடைத்துவிடும், கணையத்தையும் கெடுக்கும். அன்று அந்த வரிசையைத் தாண்டும்வரை கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

கடல்நாய் என்று நாம் சொல்லும் சாம்பல் சீல்கள் பெம்ப்ரோக்‌ஷயர் கரையில் ஆகஸ்டு கடைசியிலிருந்து குளிர்காலத் தொடக்கம்வரை குட்டி போடும். வெள்ளை ரோமத்தோடு தனியே கிடக்கும் குட்டி அனாதை இல்லை, தாய் தண்ணீரில் காத்திருக்கும். நாய் நெருங்கினால் தாய் குட்டியைக் கைவிட்டுவிடலாம், கடித்தால் நாய்க்குப் புண் சீழ்பிடிக்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பாலேயே திரும்பிவிடுங்கள். வசந்தம் நெருங்கினால் ஆட்டுக்குட்டிகள். கால்நடையைத் துரத்தும் நாயின் சொந்தக்காரர் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளி.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக: எத்தனை நாய்க்கு அனுமதி, தனியே விட்டுப் போகலாமா, தோட்டச் சுவர் எத்தனை அடி, வெளியில் குழாய் உண்டா. முக்கியமாக, வீட்டைச் சூடாக்குவது எது? இரவு மின்சாரத்தில் சூட்டைச் சேமிக்கும் வகை என்றால் முந்தின இரவே போட்டுவைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் நனைந்த நாயோடு முதல் இரவு நடுங்கவேண்டும். கணப்பு இருந்தால் விறகு எத்தனை கூடை தருவார்கள் என்றும் கேளுங்கள். ரயிலில் ஒருவர் இரண்டு நாய்வரை கட்டணமின்றி அழைத்துப் போகலாம். மக்கன்லெத்திலிருந்து புல்ஹெலி வரை கடலை ஒட்டியே ஓடும் பாதை அழகு, ஆனால் பெரும்புயலில் மூடிவிடுவார்கள். ஒரு நாள் நாய்த்தீனி கூடுதலாக இருக்கட்டும்.

குளிர்காலத்துக்கே உரிய காட்சி ஒன்று அபெரிஸ்ட்வித்துக்கு அருகிலுள்ள போர்த் கரையில் உண்டு. புயல் மணலை வாரிக்கொண்டு போன பிறகு, நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மூழ்கிய காட்டின் அடிமரங்கள் பெருவற்றத்தில் வெளியே தெரியும். அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் கடல்கோள் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். அடிமரங்களுக்கிடையே களிமண் வழுக்கும், ஓடும் நாயின் கால் சிக்கும். நடத்தியே கூட்டிப் போங்கள்.

அடுத்த முறை இப்படியொரு பயணக் கட்டுரை வெளியிடும்போது, அந்த மாதத்து அமாவாசை, பௌர்ணமித் தேதிகளையும் டென்பி, அபெரிஸ்ட்வித் வற்ற நேரங்களையும் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்வான்சி